விபத்துக்குள்ளான குடும்பமும் ஊராட்சியின் கடமையும்

காவிரிப் பாசனப் பகுதியில் பயிருக்குக் கேடு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அறியாத விவசாயி இல்லை. சம்பாப் பயிர் மழையில் மூழ்கிய மறுநாளே கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பதும், அடங்கல் நகல் பெறுவதும், பயிர்க் காப்பீட்டு ரசீதைத் தேடி எடுத்து வைப்பதும் இங்கு பழகிப்போன செயல்கள். ஆனால் அந்தப் பயிரை நட்டு வளர்த்த கையோ காலோ முறிந்துபோனால் எந்த அலுவலகத்தின் படியேறுவது, எந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துவது, எத்தனை நாளுக்குள் மனுச் செய்வது என்று கேட்டால், பலரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கு உடல் ஒன்றே முதல். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியோ, மருத்துவச் செலவுக்காக அந்த நிலத்தையே அடகு வைக்கிறார். பின்னர் அதை மீட்பது அரிதாகிவிடுகிறது.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள வேளாங்கண்ணியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் மாதா கோயில் திருவிழாவிற்குப் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக நடந்தே வருகின்றனர். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர் பலர். அதே சாலைகளில் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் விரைகின்றன. திருவிழா முடிந்ததும் சம்பா நடவு; நடவுப் பெண்கள் சிறு சரக்கு வண்டிகளில் நின்றபடி ஊர்விட்டு ஊர் செல்கின்றனர். தை, மாசியில் அறுவடை இயந்திரங்களும் நெல் ஏற்றிய டிராக்டர்களும் சாலையை நிறைக்கின்றன. இவை போதாவென்று தென்னை ஏறுதல், மின் மோட்டார் கொட்டகை, வரப்பில் கிடக்கும் பாம்பு ஆகிய பழைய ஆபத்துகளும் இருக்கவே இருக்கின்றன.

காயம்பட்டவருக்குக் கிடைக்கக்கூடிய உதவி மூன்று வகைப்படும். உயிரைக் காக்கும் மருத்துவச் செலவு ஒன்று. இழந்த வருவாய்க்கு ஈடாகச் சட்டப்படி பெறும் இழப்பீடு மற்றொன்று. ஊனம் நிலைத்துவிட்டால் வாழ்நாள் முழுதும் தேவைப்படும் ஆதரவு மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு அலுவலகங்களில் இருக்கின்றன. ஓரிடத்தில் மனுச் செய்தால் மற்றவை தாமாக வந்து சேரா. ஆயினும் இம்மூன்றுக்கும் பொதுவான அடிப்படை ஒன்று உண்டு. விபத்து நேர்ந்த அன்றும் அடுத்த சில நாட்களிலும் உண்டாகும் பதிவுகளே அது. அப்பதிவுகள் உண்டாகாதபடி செய்யும் ஒரு வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றி இருக்கிறது. அதைப் பற்றியும் இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம்

108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதற்குக் கட்டணம் இல்லை. முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரை இருவர் கையையும் காலையும் பற்றித் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதால், முறிந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்கி, நடக்கக்கூடியவர் நடக்க இயலாதவர் ஆகிவிடுவதுண்டு. தீ, வெள்ளம் போன்ற உடனடி ஆபத்து இல்லையெனில், வண்டி வரும் வரை அவரை அசைக்காது கிடத்தி, குருதி ஒழுகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்திருப்பதே நன்று.

உதவி செய்தால் போலீஸ் விசாரணையில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. அந்த அச்சத்திற்கு இன்று இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், நல்லெண்ணத்துடன் உதவுபவரை வழக்குப் பொறுப்பிலிருந்து விலக்கியிருக்கிறது. அவர் விரும்பினாலன்றித் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவமனையும் போலீசாரின் காகிதத்திற்காகக் காத்திருத்தல் ஆகாது. ஒரு ஸ்கூட்டர் ஓட்டியைக் கார் மோதிற்று. அருகிலிருந்த மருத்துவமனை, வழக்கு சம்பந்தப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை எனக் கூறி, 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்த வேறு மருத்துவமனைக்கு அவரை அனுப்பியது. வழியிலேயே அவர் இறந்தார். இச்செய்தியை ஆதாரமாகக் கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், முதலில் உயிரைக் காப்பதே எந்த மருத்துவரின் கடமையும் ஆகும், சட்ட நடைமுறைகள் பின்னரே என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டையும் அத்தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

அடுத்தது பணம். சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் பொருட்டு, "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்னும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் உச்சவரம்பாக இருந்தது. அரசு மருத்துவமனைகளோடு பட்டியலில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளும் இதில் அடங்கும். காப்பீட்டு அட்டை உடையவரா, தமிழ்நாட்டினரா, வெளி மாநிலத்தவரா, வெளிநாட்டினரா என்ற வேற்றுமை பாராட்டாதது இதன் சிறப்பு. ரேஷன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எவரும் மாதா கோயிலுக்கு நடந்து வருவதில்லை. நடைப்பயணிகள் அடிபடும்போது இவ்விதி பேருதவியாகிறது.

இதற்கு இணையான மத்திய அரசுத் திட்டம் உருவானதில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்கவும் காயமுற்றோரைக் காக்கவும் நடவடிக்கை கோரி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். முறிந்த எலும்புகளை நாள்தோறும் பொருத்தி வந்த மருத்துவர், முறிவு நேராமல் தடுக்க நீதிமன்றத்தை நாடியது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவ்வழக்கில் 2025 ஜனவரி 8 அன்று பிறந்த தீர்ப்பு, முன்பணம் கேளாது சிகிச்சை அளிக்கும் திட்டத்தை விரைவில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அதன்படி 2025 மே 5 முதல், குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணமின்றிச் சிகிச்சை பெற வழி ஏற்பட்டது. மோட்டார் வாகனத்தால் சாலையில் காயமுற்ற எவரும் இதற்கு உரியவர்.

48 மணி நேரத்திற்குப் பின் சிகிச்சை தொடர வேண்டுமெனில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். 2012-இல் தொடங்கிய இத்திட்டம் 2018-இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்கள் இதில் சேரலாம். குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்திற்குச் செல்ல வேண்டும். காயமுற்றவர் படுக்கையில் இருக்கும்போது உறவினர் வருமானச் சான்றுக்கு அலைவது பரிதாபமான காட்சி. அட்டை இல்லாத குடும்பங்களை நல்ல நாளிலேயே கண்டறிந்து பதிவு செய்விப்பது கடினமான வேலையன்று. திட்டம் பற்றிய ஐயங்களை 1800 425 3993 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்டது, ஒரத்தூரில் இயங்குகிறது. இதற்கு முன் தலைக்காயம், தண்டுவடக் காயம் என்றால் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ கொண்டு செல்வது தவிர வேறு வழியில்லை. இன்றும் சில சிகிச்சைகளுக்கு அங்கே அனுப்ப நேரலாம். அப்போது முதல் மருத்துவமனையில் தந்த சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் உடன் எடுத்துச் செல்ல மறத்தலாகாது.

பேசி முடிப்பதில் உள்ள கேடு

மோதிய வண்டிக்காரர் பெரும்பாலும் அறிமுகமானவராகவோ, பக்கத்து ஊர்க்காரராகவோ இருப்பார். அவருடைய உறவினர் ஊர்ப் பெரியவர்களை அணுகுவர். "வழக்கு எழுதினால் இரு வீட்டாருக்கும் அலைச்சல், ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருபதாயிரம் வாங்கித் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்பர். பேசுவோர் நல்லெண்ணத்துடனேயே பேசுகின்றனர். பகை வளரக் கூடாது என்பதும் உண்மைதான். மருத்துவமனையில், "வண்டி மோதியது" என்பதற்குப் பதிலாக, "வழுக்கி விழுந்தார்" என்று எழுதச் செய்கின்றனர். அத்துடன் விவகாரம் முடிந்ததாகக் கருதுகின்றனர்.

முடிவது வேறொன்று. இழப்பீட்டை உண்மையில் தருவது வண்டிக்காரர் அல்லர். அவருடைய வண்டியைக் காப்பீடு செய்த நிறுவனமே தருகிறது. பிறருக்கு நேரும் காயத்திற்காக ஒவ்வொரு மோட்டார் வாகனமும் காப்பீடு செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. அந்தத் தவணையை ஆண்டுதோறும் கட்டிவரும் வண்டிக்காரர், விபத்து நேர்ந்த நாளில் காப்பீட்டைப் பயன்படுத்தாமல் தம் கைப்பணத்தைக் கொடுக்கிறார். காயமுற்றவரோ தமக்குரிய பெருந்தொகையை விட்டுவிட்டுச் சிறுதொகையைப் பெறுகிறார். இருவருக்கும் இழப்பு. பேசி முடித்த பஞ்சாயத்தார் காப்பீட்டு நிறுவனத்திற்குத்தான் உபகாரம் செய்திருக்கிறார்கள்.

தொகையின் அளவு எத்தகையது என்பதை ஒரு கணக்கினால் அறியலாம். இது விளக்கத்திற்காகப் போட்ட கணக்கே. நடவு வேலை செய்யும் 38 வயதுப் பெண் ஒருவருக்குக் கால் முறிந்து, முழங்கால் மடங்காமற் போயிற்று எனக் கொள்வோம். அவருடைய மாத வருவாய் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. ஆண்டுக்கு 1,44,000. உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்குப் பெருக்கும் எண் 15. பெருக்கினால் 21,60,000. வருவாய் ஈட்டும் திறனில் பாதி போயிற்று எனத் தீர்மானித்தால், எதிர்கால வருவாய் இழப்பு மட்டும் 10,80,000 ரூபாய் ஆகிறது. மருத்துவச் செலவு, வேலையின்றிக் கிடந்த மாதங்களின் கூலி, வலிக்கும் வேதனைக்குமான தொகை ஆகியவை இதற்குப் புறம்பு. இருபதாயிரத்திற்குக் கையெழுத்திடுமுன் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டாமா?

இக்கணக்கில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மருத்துவர் தரும் சான்றில் ஊனம் 30 சதவீதம் என்றிருக்கலாம். வருவாய் இழப்பும் 30 சதவீதம்தான் என்று கொள்ள வேண்டியதில்லை. ராஜ்குமார் என்பவரின் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒருவருக்கு இடக்கை போயிற்றென்றால், அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருப்பின் பிழைப்பே போய்விடுகிறது. அவரே அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையில் தொடரலாம். ஆகவே காயத்தை மட்டுமன்றி, அக்காயம் அந்த மனிதரின் தொழிலை என்ன செய்தது என்பதையும் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். சேற்றில் குனிந்து நாற்று நடுபவருக்கு மடங்காத முழங்கால் என்ன பொருள்படும் என்பதை, வயலைக் காணாதவர் அறியார். அதை எடுத்துச் சொல்லும் சாட்சியாக ஊராட்சி உறுப்பினர் ஒருவர் அமையலாம்.

கூலிக்கு ரசீது ஏது என்று பலர் தயங்குகின்றனர். கூலித் தொழிலாளியிடம் வருமான ஆவணம் எதிர்பார்ப்பது முறையன்று என்று 2011-இல் ராமச்சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறி, 2004-இல் காயமுற்ற ஒரு கூலியாள் தம் மாத வருவாய் 4,500 ரூபாய் எனச் சொன்னதை ஏற்றுக்கொண்டது. வழக்கமாக வேலை கொடுப்பவரின் வாக்குமூலமும், வங்கிக் கணக்கில் ஏறிய கூலியின் பதிவும் இருந்தால் மேலும் நன்று.

இவ்வளவுக்கும் மூலமாக வேண்டியவை சில காகிதங்களே. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் காயத்தின் காரணம் உள்ளபடி எழுதப்பட வேண்டும்; வண்டியின் எண் தெரிந்தால் அதுவும் இடம்பெற வேண்டும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பின்னர் காயச் சான்று, வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக் கடைப் பில்கள், வண்டி வாடகைச் சீட்டுகள். ஒரு பழைய துணிப்பையில் இவற்றையெல்லாம் போட்டு வைத்தாலும் போதும், எறிந்துவிடாதிருப்பதே முக்கியம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, புலன் விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையையும் 90 நாட்களில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும்.

பகை வேண்டாம் என்போருக்கும் ஒரு மறுமொழி உண்டு. இழப்பீட்டு மனு வண்டிக்காரரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கன்று. மனுத் தாக்கலான பிறகும், லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனத்துடன் பேசி முடிக்கலாம். பேசி முடிக்கும் நம் பழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. பேச வேண்டிய இடம் அது.

எந்த வண்டி, யாருடைய காப்பீடு

மனு செய்யுமிடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த இடத்திலோ, காயமுற்றவர் வசிக்கும் இடத்திலோ மனுச் செய்யலாம். வேளாங்கண்ணிச் சாலையில் அடிபட்ட சேலத்துப் பயணி, தவணைதோறும் நாகப்பட்டினத்திற்கு வர வேண்டியதில்லை. விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று திருத்தப்பட்ட சட்டம் கூறுகிறது. இவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்துள்ளன. அவற்றை நம்பி நாளைக் கடத்துவது அறிவுடைமையன்று. யார் மீது தவறு என்ற வழக்காடல் வேண்டாதோர், சட்டத்தின் 164-ஆம் பிரிவின்கீழ்க் கொடுங்காயத்திற்கு 2.5 லட்சமும், மரணத்திற்கு 5 லட்சமும் கோரலாம்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் யாதொரு வழியும் இல்லை என எண்ணுகின்றனர். அது சரியன்று. 2022-இல் ஏற்பட்ட திட்டத்தின்படி கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் மரணத்திற்கு 2 லட்சம் ரூபாயும் கிடைக்கும். மனுவை வருவாய்த் துறையில், கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் தர வேண்டும்; மாவட்ட ஆட்சியர் தொகையை அனுமதிப்பார். இத்திட்டத்தை நாடுவோர் மிகச் சிலராக இருப்பதைக் கண்டு, பாதிக்கப்பட்டோருக்கு இதைத் தெரிவிப்பது காவல்துறையின் கடமை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மேற்கூறிய மருத்துவர் ராஜசேகரனின் வழக்கில்தான் அவ்வாணையும் பிறந்தது. இரவில் நடக்கும் பயணிகளுக்கு இத்தகைய விபத்து நேர்வது அரிதன்று.

டிராக்டர் உரிமையாளர்கள் பின்வருவதைக் கருத்துடன் படிப்பது நல்லது. டிராக்டர் ஓட்டுநர் ஒருவருக்கென அமைந்த வண்டி. மட்கார்டில் அமர்ந்து சென்றவர் விழுந்து அடிபட்டால், அவருக்குத் தாம் பொறுப்பல்ல என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும். சட்டமும் பெரும்பாலும் அதன் பக்கமே நிற்கும். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றினாலும் இதே நிலைதான். அப்போது தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை உரிமையாளரே கட்ட வேண்டி வரும். கட்டத் தவறினால் நிலம் ஜப்தியாகும். ஓட்டுநரிடம் உரிய உரிமம் இல்லாதபோதும், காப்பீடு காலாவதியானபோதும் அவ்வாறே. நடவுப் பெண்களுக்குச் சிற்றுந்து அமர்த்தும் செலவு, இந்த இடரோடு ஒப்பிடுகையில் அற்பமானது.

எதிரே எவரும் இல்லாமல், தம் மோட்டார் சைக்கிளிலிருந்து தாமே விழுந்தவருக்கு மேற்சொன்ன இழப்பீடு இல்லை. ஆனால் வண்டியின் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். உரிமையாளரே ஓட்டுநராக இருந்து, உரிமமும் வைத்திருந்தால், அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய் வரை அதில் சேர்ந்திருக்கலாம். மரணத்திற்கும் முழு ஊனத்திற்கும் முழுத்தொகை. ஒரு கை அல்லது கால் இழப்பிற்குப் பாதி. தவணை கட்டியவர்களுக்கே இது தெரிவதில்லை.

மருத்துவமனை வாசலிலேயே வந்து, வழக்கு நடத்தித் தருகிறோம், கிடைப்பதில் இவ்வளவு பங்கு தாருங்கள் என்று கேட்கும் தரகர்கள் உள்ளனர். அவர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்திடுவதோ மூலச் சீட்டுகளைக் கொடுப்பதோ கூடாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், குறைந்த வருமானமுடையோருக்கும் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வண்டி இல்லாத விபத்துகள்

தென்னையிலிருந்து விழுந்தவருக்கும், மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கியவருக்கும், வரப்பில் பாம்பு கடித்தவருக்கும் உதவக்கூடியது பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம். 2015-இல் தொடங்கியது, ஆண்டுத் தவணை முதலில் 12 ரூபாய், 2022 ஜூன் முதல் 20 ரூபாய். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானோர் சேரலாம். மரணத்திற்கும் முழு நிலை ஊனத்திற்கும் 2 லட்சம். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண்ணின் பார்வை இழப்பிற்கு 1 லட்சம். விபத்து நேர்ந்த 30 நாட்களுக்குள் வங்கியில் மனுக் கொடுப்பது முறை.

இத்திட்டத்தின் விதியொன்று நம் பழக்கத்தோடு மோதுகிறது. சாலை விபத்து போன்றவற்றிற்குப் போலீஸ் பதிவு தேவை. பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றிற்கு அது தேவையில்லை. ஆனால் உடனடியாக மருத்துவமனையில் காட்டிய பதிவு வேண்டும். பாம்பு கடித்தவரை முதலில் மந்திரிப்பவரிடம் கொண்டுபோய், நிலைமை முற்றியபின் மருத்துவமனைக்குச் செல்வதால் உயிருக்கும் ஆபத்து. உயிர் போனால் குடும்பத்திற்கு வர வேண்டிய தொகைக்கும் தடை. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியரிடம் மட்டுமே செல்பவர்களுக்கும் இதே கதிதான்.

முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் 2011-இல் ஏற்பட்டது. 2.5 ஏக்கருக்கு மேற்படாத நஞ்சை அல்லது 5 ஏக்கருக்கு மேற்படாத புஞ்சை வைத்துத் தாமே பயிரிடுவோரும், 18 முதல் 65 வயது வரையுள்ள விவசாயத் தொழிலாளரும் உறுப்பினராகலாம். விபத்தில் உறுப்பிழந்தோருக்குக் காயத்தின் தன்மைக்கேற்ப 20,000 முதல் 1,00,000 ரூபாய் வரை என்பது திட்டம் தொடங்கியபோது வகுத்த அளவு. நிலமற்ற தொழிலாளரின் விபத்து மரணத்திற்கான தொகையை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்துவதாக 2025-2026-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மனுவைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் தர வேண்டும். உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்பதை விபத்துக்குமுன் பார்த்துக்கொள்வதே பயன் தரும்.

இயந்திரத்தைக் கொண்டு செய்யும் வேளாண் வேலையில் கூலியாள் காயமுற்றால், வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழி வந்த பொறுப்பு. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பெற்றுள்ளது. கதிரடிக்கும் இயந்திரமோ அறுவடை இயந்திரமோ வைத்து வாடகைக்கு விடுவோர், ஆட்களுக்கும் சேர்த்துக் காப்பீடு செய்துகொள்வது தம் குடும்பத்தைக் காப்பதாகும்.

கட்டு அவிழ்த்த பிறகு

மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைத் திண்ணையில் கிடத்தி, வேளாவேளைக்குக் கஞ்சி கொடுப்பதோடு கடமை முடிந்ததாக எண்ணும் வீடுகள் உண்டு. அன்பினால் செய்வதே எனினும், அசையாது கிடந்த மூட்டு இறுகிவிடும். தண்டுவடம் கெட்டவர் புரளாமல் கிடந்தால் படுக்கைப் புண் உண்டாகி உயிரையே வாங்கும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டிற்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்க ஏற்பாடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கேளாதவர் வீட்டைத் தேடி எவரும் வருவது அருமை.

வேலூரில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். அவர் முயற்சியால் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்தார். 1981-இல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். பெருநகரத்தில் அன்றி ஒரு கிராமத்தில் மறுவாழ்வுப் பணி நடத்த முடியும் என்பதற்கு அது சான்று. இவ்விருவருக்கும் வாய்த்த கல்வி எல்லோருக்கும் வாய்க்காது என்பது மெய். ஆயினும் நடக்க இயலாதவர் கணக்கெழுதலாம், பால் கூட்டுறவுச் சங்கத்தில் அளவு பார்க்கலாம், கடை நடத்தலாம். வாசற்படியில் ஒரு சரிவுப் பலகை இட்டால் போதும்.

ஊனம் நிலைத்துவிட்டதெனில் தேசிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்றியமையாதது. அரசு மருத்துவமனையில் மருத்துவர் குழு பரிசோதித்துச் சதவீதத்தை நிர்ணயிக்கும். 40 சதவீதம் என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பல சலுகைகளுக்கு வாயில். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கும் கடும் ஊனமுற்றோருக்கும் தரப்படும் பராமரிப்பு உதவித்தொகை 2025-இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. முன்னதற்கு வட்டாட்சியர் அலுவலகம், பின்னதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ஒருவர் தமக்குப் பொருந்துவது எது என்பதை நேரில் கேட்டுத் தெளிய வேண்டும். சக்கர நாற்காலி, செயற்கைக் கால், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கும் அங்கேதான் மனு. சில அட்டைகள் குறிப்பிட்ட காலம் வரை மட்டுமே செல்லும்; அதில் உள்ள தேதியைப் பார்த்துப் புதுப்பிக்காவிடில் உதவித்தொகை நின்றுபோகும்.

ஊராட்சி செய்யக்கூடியது

ஊரில் விபத்து நேர்ந்தால் குடும்பத்தார் நிலைகுலைந்திருப்பர். உறுப்பினர் ஒருவர் மருத்துவமனைக்கு உடன் சென்று, விபத்துப் பதிவேட்டில் காரணம் உள்ளபடி எழுதப்பட்டதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, விபத்து நாள், முதல் தகவல் அறிக்கையின் எண், ஆறாவது மாதம் முடியும் தேதி ஆகிய மூன்றையும் குறித்து வைக்கலாம். தீர்ப்பாயம் வழங்கும் தொகையில் ஒரு பகுதியை வங்கி வைப்பாக வைக்க ஆணையிடுவதுண்டு; அதைக் குறையாக எண்ணி முறையிடும் குடும்பத்தாருக்கு, கைக்கு வந்த முழுப்பணமும் எவ்வளவு நாள் தங்கும் என்பதை விளக்கலாம்.

மற்றொன்று, நாள் தவறினால் பயனற்றுப் போவது. பிரதமரின் விபத்துக் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. 20 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிக்கப்படும். கணக்கில் பணம் இல்லையெனில் காப்பீடு அற்றுவிடும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-ஐ எதிர்நோக்கிக் குறுவைக்கு உழவும் விதையும் வாங்கியதில், மே மாத இறுதியில் டெல்டா விவசாயியின் கணக்கு துடைத்துவிட்டாற்போல் இருக்கும். மே 1 அன்று கூடும் கிராம சபையில், சேர்ந்தவர் எவர், சேராதவர் எவர் என்று தெருவாரியாகக் கேட்டு, கணக்கில் 20 ரூபாயை விட்டு வைக்கும்படி அறிவித்தால், அதற்குப் பின்னும் 30 நாள் அவகாசம் இருக்கிறது.